ஐம்பது பெட்டி சாக்லேட்

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில், குழு ஒன்றின் முன்னாள் ஊக்குநர் பேசியது)



எனக்குக் கொடுத்திருக்கிற தலைப்பு ‘நம் பிள்ளைகள் படிக்கும் கதைகள்’. இந்தத் தலைப்பு எப்படி வந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

போன மாதக் கூட்டத்தில் தீர்மானமெல்லாம் எழுதி முடித்து டீ வந்த நேரம். ஒரு அக்கா எழுந்து ஒரு குறை சொன்னார். அவர் மகள் பிளஸ் டூ படிக்கிறாள். ராத்திரி பன்னிரண்டு மணிக்கு எழுந்து பார்த்தால், பிள்ளை ஒரு கதைப் புத்தகத்தைப் படித்துத் தேம்பித் தேம்பி அழுதுகொண்டிருந்தாளாம். என்னடி கதை என்று கேட்டிருக்கிறார். கதையில் ஒரு பெண் பிள்ளை செத்துப்போகிறாள், அதற்குக் காரணமானவர்களுக்கு ஒன்றுமே ஆகவில்லை என்று சொல்லியிருக்கிறாள். “படிக்கிற வயசுல இந்தக் கருமம் எதுக்கு? கெட்டவன் ஜெயிக்கிற கதையைப் படிச்சா பிள்ளை புத்தி என்னாகும்? பிடுங்கிப் பரண்மேல போட்டுட்டேன்” என்றார். பாதிப் பேர் கை தட்டினார்கள்.

நான் தட்டவில்லை. அதைத் தலைவி கவனித்துவிட்டார். “ஏன் சும்மா இருக்கீங்க, உங்களுக்கு வேற கருத்து இருந்தா விழாவுல பேசுங்க” என்று பேரை எழுதிவிட்டார். அதனால்தான் இன்றைக்கு இந்த மைக்கு முன்னால் நிற்கிறேன்.

நான் எட்டாவது வரைக்கும் படித்தவள். வீட்டில் ஜாக்கெட் தைக்கிறேன். இங்கே நான் சொல்லப்போகிற வருஷம், பேர் எல்லாம் என் மகள் தாளில் எழுதிக் கொடுத்தது. அதைப் பார்த்துத்தான் சொல்வேன். ஆனால் கதை மட்டும் எனக்கு மனப்பாடம்.

மகள் கல்லூரியில் இங்கிலீஷ் இலக்கியம் படிக்கிறாள். சாயந்திரம் நான் மெஷினில் உட்கார்ந்தால் அவள் பக்கத்தில் உட்கார்ந்து கொக்கி வைத்துக் கொடுப்பாள். அப்போது அன்றைக்குப் படித்ததைக் கதையாகச் சொல்வாள். அப்படி ஒரு நாலு நாள் சொன்ன கதைதான் இது. அமெரிக்காவில் ராபர்ட் கார்மியர் என்று ஒருத்தர், 1974-இல் எழுதிய புத்தகம். பேர் ‘தி சாக்லேட் வார்’. சாக்லேட் போர் என்று வைத்துக்கொள்ளுங்கள். பதினாலு, பதினைஞ்சு வயசுப் பிள்ளைகள் படிப்பதற்கென்று வந்த புத்தகம்.

துறவிகள் நடத்துகிற ஒரு ஆண்கள் பள்ளிக்கூடம். தலைமையாசிரியருக்கு உடம்பு சரியில்லை. அந்த இடத்தில் பொறுப்பில் இருப்பவர் பிரதர் லியோன். வருஷா வருஷம் பிள்ளைகள் சாக்லேட் விற்றுப் பள்ளிக்கூடத்துக்குப் பணம் சேர்த்துக் கொடுப்பது அங்கே வழக்கம். அந்த வருஷம் இந்த மனுஷன் ஒரேயடியாக 20,000 பெட்டி வாங்கிப் போட்டுவிடுகிறார். எப்படிப்பட்ட சாக்லேட் தெரியுமா? அன்னையர் தினத்துக்கென்று செய்து விற்காமல் தங்கிப்போனது. மலிவாகக் கிடைத்தது. பெட்டியின்மேல் ‘அம்மா’ என்று எழுதிய ரிப்பனை உருவி எடுத்துவிட்டால் புதுச் சரக்கு. பள்ளிக்கூடத்தில் 400 பிள்ளைகள். போன வருஷம் ஆளுக்கு 25 பெட்டி, ஒரு டாலர் விலை. இந்த வருஷம் ஆளுக்கு 50 பெட்டி, விலை இரண்டு டாலர். விருப்பம் உள்ளவர்கள் விற்கலாம் என்றுதான் பேச்சு. ஆனால் தினமும் வகுப்பில் பேர் வாசிப்பார். ஒவ்வொருத்தனும் எழுந்து எத்தனை பெட்டி விற்றேன் என்று சொல்ல வேண்டும்.

இந்த இடத்தில் எனக்குச் சிரிப்பு வந்தது. “நம்ம வாராந்தரக் கூட்டம் மாதிரியே இருக்கேடி” என்றேன். மகள் சிரிக்கவில்லை. “இரும்மா, கேளு” என்றாள்.

அந்தப் பள்ளிக்கூடத்தில் பெரிய பையன்கள் ஒரு ரகசியக் கும்பல் வைத்திருக்கிறார்கள். அதை ஆட்டி வைக்கிறவன் ஆர்ச்சி. அவன் யாரையும் கை நீட்டி அடிக்க மாட்டான். யார் என்ன செய்ய வேண்டும் என்று உத்தரவு மட்டும் போடுவான். புதிதாகச் சேர்ந்த பையன் ஜெர்ரி. அம்மா செத்துப்போய் அதிக நாள் ஆகவில்லை. அப்பா உண்டு, ஆனால் பேச்சு இல்லாத வீடு. ஆர்ச்சி இவனுக்குப் போட்ட உத்தரவு, பத்து நாளைக்குச் சாக்லேட் விற்க மாட்டேன் என்று சொல்ல வேண்டும். பையனும் அப்படியே பேர் வாசிக்கும்போது முடியாது என்கிறான். பத்து நாள் முடிகிறது. பதினோராவது நாள் பேர் வாசிக்கிறார்கள். இப்போது விற்கிறேன் என்று சொல்லிவிடலாம், உத்தரவு முடிந்துவிட்டது. ஆனால் அவன் முடியாது என்றே சொல்கிறான். ஏன் என்று அவனுக்கே முழுசாகச் சொல்லத் தெரியவில்லை. யாரோ சொல்லிச் சொன்ன ‘முடியாது’ போய், தன்னுடைய ‘முடியாது’ வந்துவிட்டது. அவ்வளவுதான்.

முதலில் சில பிள்ளைகளுக்கு அவன்மேல் மரியாதை வருகிறது. விற்பனை குறைகிறது. லியோன் ஆர்ச்சியைக் கூப்பிட்டு நெருக்குகிறார். அதற்குப் பிறகு கும்பல் வேலையில் இறங்குகிறது. சாக்லேட் விற்பதுதான் பெருமை என்று ஆக்கிவிடுகிறார்கள். எல்லாரும் சேர்ந்தாச்சு, இவன் மட்டும் யார் என்கிற பேச்சு வருகிறது. ராத்திரி வீட்டுக்கு போன் அடித்துச் சிரித்துவிட்டு வைப்பார்கள். வழிமறித்து அடிக்கிறார்கள். யாரும் அவனோடு பேசுவதில்லை.

ஜெர்ரிக்கு ஒரே ஒரு சிநேகிதன், கூபர். இருபத்தேழு பெட்டி விற்றவன், ஜெர்ரிக்காக அதோடு நிறுத்திக்கொள்கிறான். ஒரு நாள் பார்த்தால் கூபர் ஐம்பது பெட்டி விற்றுவிட்டான் என்று எல்லார் முன்னாலும் அறிவிக்கிறார்கள். பொய்க் கணக்கு. அது பொய் என்று அவன் ஒருத்தன் எழுந்து சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

கடைசியில் ஒரு ராத்திரி, விளையாட்டு மைதானத்தில் குத்துச்சண்டை. ஜெர்ரிக்கும் ஒரு முரடனுக்கும். பார்க்க வந்த பிள்ளைகள் காசு கொடுத்து சீட்டு வாங்க வேண்டும். யார் யாரை எங்கே குத்த வேண்டும் என்று சீட்டில் எழுதலாம். சீட்டில் எழுதியபடி குத்த வேண்டும். பள்ளிக்கூடமே கேலரியில் உட்கார்ந்து கத்துகிறது. பொறுப்புத் தலைமையாசிரியர் தூரத்தில் மேட்டில் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறார், தடுக்கவில்லை. ஜெர்ரியை ஆம்புலன்ஸில் ஏற்றுகிறார்கள். அவன் மனசுக்குள் கூபரிடம் சொல்ல நினைப்பது என்னவென்றால், அவங்க சொல்றதைச் செஞ்சுட்டுப் போ, எதிர்த்து நிக்காதே என்பதுதான். ஆர்ச்சிக்கு ஒன்றும் ஆகவில்லை. கதை முடிந்தது.

எனக்கு வந்த கோபத்தில் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டேன். “இது என்னடி கதை? அந்த ஆர்ச்சிப் பயலை ஒரு போலீஸ்காரன் வந்து இழுத்துட்டுப் போக வேண்டாமா? எழுதுனவனுக்குப் பிள்ளைகுட்டி கிடையாதா?” என்று கேட்டேன்.

அக்கா, போன மாதம் நீங்க கேட்டதும் இதுதானே? அன்றைக்கு நானும் அதைத்தான் கேட்டேன். நாம் மட்டும் இல்லை. அந்தப் புத்தகம் வந்த நாளிலிருந்து உலகத்தில் எத்தனையோ பேர் இதையே கேட்டிருக்கிறார்கள்.

எழுதினவருக்கு நாலு பிள்ளைகள், மூணு பெண், ஒரு பையன். மாசசூசெட்ஸ் மாநிலத்தில் லெமின்ஸ்டர் என்கிற ஊர்க்காரர். பத்திரிகை ஆபீசில் வேலை பார்த்துச் சம்பளத்தில் குடும்பம் நடத்தினவர். அந்தக் கதையே அவர் வீட்டில்தான் பிறந்தது. அவர் மகன் படித்த பள்ளிக்கூடத்தில் சாக்லேட் விற்கச் சொல்லிக் கொடுத்துவிட்டார்கள். பையனுக்கு இஷ்டமில்லை. அப்பாவும் மகனும் உட்கார்ந்து பேசினார்கள். பையன் கொண்டுபோய்த் திருப்பிக் கொடுத்துவிட்டான். நிஜத்தில் ஒன்றும் நடக்கவில்லை. ஆனால் அந்த அப்பா மனசு சும்மா இருக்கவில்லை. ‘ஒருவேளை என் பிள்ளையை எல்லாரும் சேர்ந்து ஒதுக்கியிருந்தால்?’ என்று நினைத்தார். பிள்ளை வீடு வர அரை மணி நேரம் தாமதமானால் நாம் என்னென்ன நினைக்கிறோம்? அந்தப் பயத்தைத்தான் அவர் கடைசி வரைக்கும் எழுதிப் பார்த்தார்.

பல பதிப்பகங்கள் முடிவை மாற்றுங்கள், போடுகிறோம் என்றன. அவர் மாற்றவில்லை. புத்தகம் வந்ததும் நூலகர்களுக்கான ஒரு பத்திரிகை அதற்கு எழுதிய விமர்சனத்தைச் சுற்றிச் சாவுச் செய்திக்குப் போடுகிற மாதிரி கறுப்புக் கட்டம் கட்டிப் போட்டது. 1980-இல் ஒரு விமர்சகர், இதில் நம்பிக்கை என்பதே இல்லை, பிள்ளைக்குத் துணை நிற்கிற ஒரு நல்ல பெரியவர்கூட இல்லை, இது பிள்ளைகளுக்கு ஆகாது என்று எழுதினார். அதே வருஷம் வேறு இரண்டு பேர், இல்லை, இது பிள்ளைகளை யோசிக்க வைக்கிற புத்தகம் என்று பதில் எழுதினார்கள். பெற்றோர் புகார் கொடுத்து நூலகத்திலிருந்து எடுக்கச் சொன்ன புத்தகங்களை அமெரிக்க நூலகச் சங்கம் கணக்கெடுக்கிறது. 1990 முதல் 1999 வரைக்குமான பட்டியலில் இது நாலாவது. அடுத்த பத்து வருஷப் பட்டியலில் மூணாவது. 2004-ஆம் வருஷம் முதல் இடம். அதே சங்கத்தின் ஒரு பிரிவுதான் 1991-இல் இளைஞர்களுக்காக எழுதியதற்கென்று அவருக்கு விருதும் கொடுத்தது.

அவருடைய இன்னொரு புத்தகம் ‘ஐ ஆம் தி சீஸ்’, 1977-இல் வந்தது. அதிலும் ஒரு பையனுக்கு நல்ல முடிவு கிடையாது. ஃபுளோரிடா மாநிலத்தில் ஒரு மாவட்டத்தில் 1986-இல் புகார் வந்து, அதை வகுப்பிலிருந்து எடுத்துவிட்டார்கள். பிள்ளைகளும் சில பெற்றோரும் ஆசிரியர்களும் சேர்ந்து கோர்ட்டுக்குப் போனார்கள். ஒரு கதைப் புத்தகத்துக்காகக் கோர்ட்டு வாசல் ஏறியிருக்கிறார்கள், பாருங்க.

இதெல்லாம் பெரியவர்கள் செய்தது. பிள்ளைகள் என்ன செய்தார்கள்?

அந்த 1977 புத்தகத்தில் கதாநாயகன் தன் சிநேகிதி எமிக்கு போன் செய்வான். அதற்கு ஒரு போன் நம்பர் வேண்டுமே என்று கார்மியர் தன் சொந்த வீட்டு நம்பரையே போட்டுவிட்டார். புத்தகம் வந்த பிறகு பிள்ளைகள் அந்த நம்பருக்குப் போட்டுப் பார்க்க ஆரம்பித்தார்கள். வருஷக் கணக்கில், அவர் 2000-ஆம் வருஷம் இறக்கிற காலம் வரைக்கும் போன் வந்துகொண்டே இருந்தது. அவர் நம்பரை மாற்றவில்லை. “எமி இருக்காளா?” என்று கேட்டால், எமியின் அப்பா மாதிரியே பேசுவாராம். பிள்ளைகளோடு பேசுவார், கேட்பார். ஜெர்ரி என்ன ஆனான் என்று பிள்ளைகள் கேட்டுக் கேட்டுத்தான் பதினோரு வருஷம் கழித்து, 1985-இல், அதன் தொடர்ச்சியையும் எழுதினார்.

இதைக் கேட்டதும் என் கோபம் கொஞ்சம் இறங்கியது. கதையைப் படித்து மனசு கலங்கின பிள்ளை யாருக்கு போன் பண்ணியிருக்கிறது பாருங்க. பக்கத்து அறையில் அம்மா இருப்பாள், அப்பா இருப்பார். ஆனால் எங்கோ இருக்கிற முன்பின் தெரியாத ஒருத்தருக்கு. ஏன்? அந்தப் பக்கத்தில் போனை எடுக்கிறவர் திட்ட மாட்டார் என்று தெரியும். அதுதான்.

இப்போது நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன். இதைச் சொல்லலாமா வேண்டாமா என்று ஒரு வாரமாக யோசித்தேன்.

அன்றைக்கு நான் ஆர்ச்சியைத் திட்டி முடித்ததும் மகள் மெதுவாகச் சொன்னாள். “ஆர்ச்சி ஒருத்தன்தாம்மா. சீட்டு வாங்கி உக்காந்திருந்தவங்க எத்தனை பேரு?” நான் ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, கொக்கி வைத்துக்கொண்டே, தலை நிமிராமல் கேட்டாள்: “அம்மா, அன்னைக்கு அந்த அத்தை வீட்டு வாசல்ல நீ எங்க உக்காந்திருந்தே?”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

பல வருஷத்துக்கு முன்னால் நடந்தது. அப்போது நான் எங்கள் குழுவுக்கு ஊக்குநர். வங்கிக் கடன் வாங்கியிருந்தோம். ஒரு உறுப்பினரின் வீட்டுக்காரர் சாரத்திலிருந்து விழுந்து படுத்த படுக்கையாகிவிட்டார். மூணு தவணை அவளால் கட்ட முடியவில்லை. குழுக் கணக்கு நிலுவையில் நின்றால் அடுத்த கடன் எங்கள் யாருக்கும் வராது. ஒருத்திக்கு மகள் கல்யாணம், ஒருத்திக்கு மாடு வாங்க வேண்டும், எனக்குத் தையல் மெஷின். பத்துப் பேர் சேர்ந்து போய் அவள் வீட்டு வாசலில் உட்கார்ந்தோம். பணம் வராமல் எழுந்திருக்க மாட்டோம் என்றோம். யாரும் கெட்ட வார்த்தை பேசவில்லை, யாரும் கை நீட்டவில்லை. சும்மா உட்கார்ந்திருந்தோம். தெருவே பார்த்தது. சாயந்திரம் அவள் மகள் யூனிஃபார்மோடு ஸ்கூல் விட்டு வந்தாள். எங்களைத் தாண்டி வீட்டுக்குள் போக வெட்கப்பட்டுக்கொண்டு எதிர்வீட்டுச் சுவரோரம் பையைப் பிடித்துக்கொண்டே நின்றாள். என் மகளும் அதே வகுப்பு. அவளும் பக்கத்தில் நின்றிருக்கிறாள். நான் கவனிக்கவில்லை.

மறுநாள் அவள் காதுத் தோட்டை விற்றுப் பணத்தைக் கட்டினாள். அடுத்த மாதக் கூட்டத்துக்கு வரவில்லை. தீர்மானப் புத்தகத்தில் நான்தான் எழுதினேன், ‘சொந்த விருப்பத்தின் பேரில் விலகிக்கொண்டார்’ என்று. எல்லாரும் கையெழுத்துப் போட்டோம். கூபர் பேரில் ஐம்பது பெட்டி எழுதின கணக்குக்கும், என் கணக்குக்கும் என்ன வித்தியாசம் சொல்லுங்க?

அந்த வருஷம் எங்கள் குழுவுக்கு நூற்றுக்கு நூறு திருப்பிச் செலுத்தியதற்கு மேடையில் பாராட்டினார்கள். நான்தான் போய்ச் சால்வை வாங்கினேன்.

அக்கா தங்கச்சிகளே, என் மகள் இத்தனை வருஷமும் அதை மனசில் வைத்திருந்தாள். என்னிடம் கேட்க அவளுக்கு வழி தெரியவில்லை. அம்மாவைப் போய் எப்படிக் கேட்பாள்? அந்தக் கதைதான் அவளுக்கு வழி கொடுத்தது. கதை நல்லபடியாக முடிந்திருந்தால், ஆர்ச்சியைப் போலீஸ் பிடித்திருந்தால், நானும் ‘அப்பாடா, கெட்டவன் மாட்டினான்’ என்று மெஷினை மிதித்துக்கொண்டு இருந்திருப்பேன். நான் கேலரியில் உட்கார்ந்தவள் என்பது எனக்கு உறைத்தே இருக்காது. கதை பாதியில் நின்ற மாதிரி நின்றதால்தான் மீதியை நாங்கள் பேச வேண்டி வந்தது.

கெட்டவன் ஜெயிக்கிற கதையைப் படித்தால் பிள்ளை கெட்டுப்போகுமா என்பதுதான் கேள்வி. கெட்டவன் ஜெயிக்கிறதைப் பார்த்துப் பிள்ளைக்குக் கோபம் வருகிறதா, அழுகை வருகிறதா என்று பாருங்க. வந்தால் பிள்ளை நல்லாத்தான் இருக்கிறது என்று அர்த்தம். அந்த அழுகையோடு அவளைத் தனியாக விடுவதுதான் தப்பு.

இன்னொரு கதையும் சுருக்கமாகச் சொல்கிறேன். பெண் பிள்ளை வைத்திருக்கிறவர்கள் கவனமாகக் கேளுங்க. லாரி ஹால்ஸ் ஆண்டர்சன் என்கிற அம்மா 1999-இல் எழுதியது. பேர் ‘ஸ்பீக்’, அதாவது ‘பேசு’. மெலிண்டா என்று ஒரு பெண். ஒன்பதாவது போகப்போகிற வயசு. ஒரு விருந்தில் பெரிய வகுப்புப் பையன் ஒருத்தன் அவளைக் கெடுத்துவிடுகிறான். பயத்தில் போலீசுக்கு போன் போடுகிறாள். ஆனால் என்ன நடந்தது என்று சொல்ல வாய் வரவில்லை. போலீஸ் வந்து விருந்து கலைந்துபோகிறது. விருந்தைக் கெடுத்தவள் இவள்தான் என்று பள்ளிக்கூடமே இவளை ஒதுக்கிவிடுகிறது. ஏன் போன் பண்ணினாய் என்று ஒருத்தரும் கேட்கவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகப் பேச்சே நின்றுபோகிறது. அவள் அப்பா அம்மா இரண்டு பேரும் வேலைக்குப் போகிறவர்கள். வீட்டில் பேச்சு கிடையாது, அடுப்படி மேடையில் சீட்டு எழுதி வைத்துவிட்டுப் போவார்கள். மார்க் குறைந்தால் திட்டுவார்கள். பிள்ளை ஏன் பேசவில்லை என்று அவர்களுக்குத் தோன்றவே இல்லை.

இந்தப் புத்தகத்தையும் எடுக்கச் சொல்லி 2010-இல் மிசௌரி மாநிலத்தில் ஒருத்தர் பத்திரிகையில் எழுதினார், இது அசிங்கமான புத்தகம் என்று. ஆனால் அதற்குள் அந்த அம்மாவுக்குப் பிள்ளைகளிடமிருந்து கடிதங்கள் வந்து குவிந்திருந்தன. ‘எனக்கும் இப்படி நடந்தது. இதுவரைக்கும் யாரிடமும் சொன்னதில்லை’ என்கிற மாதிரிக் கடிதங்கள். பத்தாம் ஆண்டுப் பதிப்பு போட்டபோது, அந்தக் கடிதங்களில் இருந்த வார்த்தைகளையே கோத்து ஒரு கவிதையாக முன்னால் சேர்த்தார். அசிங்கம் புத்தகத்தில் இல்லை. அது நடந்த இடத்தில் இருந்தது. புத்தகம் அதைச் சொல்ல ஒரு வாய் கொடுத்தது.

இதையெல்லாம் வெள்ளைக்காரன் கதை என்று தள்ளாதீங்க. நாம் நல்லதங்காள் கதை கேட்டு வளர்ந்தவர்கள்தானே? பெற்ற ஏழு பிள்ளைகளைக் கிணற்றில் போடுகிற கதை. அதைவிட இருட்டான கதை உண்டா? கூத்து நடக்கும்போது சின்னப் பிள்ளைகளை மடியில் வைத்துக்கொண்டுதான் பார்த்தோம். ஆனால் ஒரு வித்தியாசம் இருந்தது. அன்றைக்கு மடி இருந்தது. பிள்ளை அழுதால் பக்கத்தில் பாட்டியும் அழுவாள். வரப்பில் நடந்து வரும்போது ‘அந்த அண்ணி சோறு போட்டிருந்தா இப்படி ஆயிருக்குமா?’ என்று பேசிக்கொண்டே வருவார்கள். இன்றைக்குப் பிள்ளை தனியாக, போர்வைக்குள், ராத்திரி பன்னிரண்டு மணிக்குப் படிக்கிறது.

எல்லாக் கதையையும் எல்லாப் பிள்ளைக்கும் கொடுக்கலாம் என்று நான் சொல்லவில்லை. பத்து வயசுக்கு உள்ளது வேறு, பதினாறு வயசுக்கு உள்ளது வேறு. முக்கியமாகத் தற்கொலை வருகிற கதை. ‘தர்ட்டீன் ரீசன்ஸ் வை’ என்று ஒன்று, 2007-இல் புத்தகமாக வந்தது. ஒரு பெண் பிள்ளை தான் சாவதற்குப் பதிமூணு காரணம் சொல்லி டேப்பில் பேசி வைத்துவிட்டுச் செத்துப்போகிறாள். 2017-இல் அது நெட்ஃபிளிக்ஸில் தொடராக வந்தபோது, ஏற்கெனவே மனசு உடைந்திருக்கிற பிள்ளைகள் இதைத் தனியாகப் பார்க்கக் கூடாது என்று அமெரிக்காவில் பள்ளி மனநல நிபுணர்கள் சங்கமே எச்சரிக்கை கொடுத்தது. அந்தப் பயம் நியாயமான பயம். பிள்ளை சாப்பிடாமல், தூங்காமல், யாரோடும் சேராமல் இருந்தால், அது கதையைப் பற்றிய கவலை இல்லை. பிள்ளையைப் பற்றிய கவலை. அப்போது நேராகக் கேளுங்க, ‘சாகணும்னு தோணுதா கண்ணு?’ என்று. கேட்பதால் அந்த நினைப்பு புதிதாக வந்துவிடாது. 1098 குழந்தைகளுக்கான உதவி எண். 14416 மனநல உதவி எண். இரண்டையும் உங்கள் பாஸ்புக் அட்டைக்குள் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

அதனால் போன மாதம் பேசிய அக்காவுக்கு என் வேண்டுகோள். இன்றைக்குச் சாயந்திரம் வீட்டுக்குப் போனதும் பரண் மேலிருந்து அந்தப் புத்தகத்தை எடுங்க. தூசி தட்டிப் பிள்ளை கையில் கொடுத்து, ‘எனக்கு இந்தக் கதையைச் சொல்லு’ என்று கேளுங்க. நமக்கு இங்கிலீஷ் வராது, படிக்க நேரம் இல்லை, எல்லாம் சரி. காது இருக்கிறதே. அவள் சொல்லும்போது நடுவில் நியாயம் பேசாதீங்க. முடிந்த பிறகு மூணே கேள்வி கேளுங்க. உனக்கு யார்மேல கோபம் வந்துச்சு? அந்த இடத்துல யாராவது ஒருத்தர் வாயைத் திறந்திருந்தா என்ன ஆகியிருக்கும்? இந்த மாதிரி உனக்கோ உன் சிநேகிதிக்கோ நடக்குதா? மூணாவது கேள்வியைக் கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருங்க. பதில் உடனே வராது. வந்தால், அது உங்களைப் பற்றியதாகவும் இருக்கலாம். என் மகள் சொன்னது என்னைப் பற்றித்தான். தாங்கிக்கொள்ளுங்க.

கடைசியாக, அந்தத் தங்கச்சி என்ன ஆனாள் என்று நீங்கள் கேட்பீர்கள். மகள் கேட்ட மறு ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டுக்குப் போனேன். அந்த வாசலைத் தாண்டவே எனக்குக் கால் வரவில்லை. தண்ணீர் கொடுத்தாள். நான் செய்தது தப்பு என்று சொன்னேன். அவள் ‘பரவாயில்ல’ என்று சொல்லவில்லை. “இப்ப வந்து சொல்ற. அன்னைக்கு உன் ஒருத்தியாச்சும் எழுந்து போயிருந்தா எனக்குத் தெம்பா இருந்திருக்கும்” என்றாள். அவ்வளவுதான். திரும்பக் குழுவில் சேரச் சொன்னேன். வரவில்லை. இன்றைக்கு வரைக்கும் வரவில்லை. அது அவள் உரிமை.

எங்கள் குழுவில் இதை வைத்துப் பேசினோம். சண்டைதான் வந்தது. பழசை ஏன் கிளறுகிறாய் என்று இரண்டு பேர் என்னோடு பேசுவதையே நிறுத்திவிட்டார்கள். ஆனாலும் இரண்டு தீர்மானம் போட்டோம். ஒன்று, தவணை நின்றால் வீட்டு வாசலில் போய் உட்காருவது கிடையாது. இரண்டு, நோய், சாவு, விபத்து என்றால் மூணு மாதத் தவணையைக் குழுச் சேமிப்பிலிருந்து கட்டிவிட்டு, பிறகு அவர் முடிந்தபோது திருப்பித் தர வேண்டும். பழைய தீர்மானப் புத்தகத்தையும் எடுத்தோம். அடித்துத் திருத்தவில்லை. அந்த வரிக்குக் கீழே இன்றைய தேதி போட்டு, ‘மேற்கண்ட உறுப்பினர் சொந்த விருப்பத்தில் விலகவில்லை. நாங்கள் கொடுத்த நெருக்கடியால் விலகினார்’ என்று எழுதினேன். பத்துப் பேரில் ஆறு பேர் கையெழுத்துப் போட்டார்கள்.

மீதி நாலு பேருக்காக அந்தப் பக்கத்தில் இடம் விட்டு வைத்திருக்கிறேன்.